கேஸுக்கு மாற்றிய கார்: இழுவை எங்கே போனது, எவ்வளவு திரும்பி வந்தது

கேஸ் போட்டால் வண்டி இழுக்காது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எவ்வளவு இழுக்காது என்று கேட்டால் "கொஞ்சம் டல்லா இருக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதனால் சிஎன்ஜி (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) கிட் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்னாடியே, வண்டி இன்னும் சுத்தமான பெட்ரோல் வண்டியாக இருக்கும்போதே அளக்க ஆரம்பித்துவிட்டேன். இந்தப் பதிவில் உருப்படியான விஷயம் ஏதாவது இருந்தால் அது அந்த ஒரு மாத முன்யோசனைதான், மற்றதெல்லாம் ஸ்பேனர் வேலை.

வண்டி 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், மல்டி பாயின்ட் இன்ஜெக்‌ஷன், டர்போ கிடையாது. கம்ப்ரஷன் விகிதம், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது, 10க்கு 1 அளவில். ரொம்ப சாதாரணமான இன்ஜின்.

அளந்த முறை இது. சமமான ஒரு நீண்ட சாலை, போக்குவரத்து இல்லாத விடியற்காலை, ஏசி அணைத்து, நாலு டயரிலும் ஒரே காற்றழுத்தம், உள்ளே இரண்டு பேர். மூன்றாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் நிதானமாகப் போய், ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்து 80 தொடும்வரை எத்தனை வினாடி என்று பார்ப்பது. கையில் ஸ்டாப்வாட்ச் வைத்து அமுக்கினால் ஒவ்வொரு முறையும் அரை வினாடி தப்பும். ஓபிடி போர்ட்டில் (இன்ஜின் கம்ப்யூட்டரின் தகவலைப் படிக்கும் சாக்கெட்) ஒரு புளூடூத் டாங்கிளைச் செருகி, வேகத்தையும் ஆர்பிஎம்மையும் போனில் பதிவு செய்தேன். போகும்போது மூன்று முறை, அதே சாலையில் திரும்பி வரும்போது மூன்று முறை, எல்லாவற்றுக்கும் சராசரி. இரண்டு திசையிலும் ஓட்டவில்லை என்றால் நீங்கள் அளப்பது இன்ஜினை அல்ல, காற்றை. பெட்ரோலில், கிட் போடுவதற்கு முன்பு வந்த எண் 9.8 வினாடி.

அப்புறம் வேலை தொடங்கியது. சிலிண்டர் பொருத்துவதையும், சிலிண்டரில் இருந்து முன்னால் வரும் உயர் அழுத்தக் குழாயையும் நான் தொடவில்லை. உள்ளே 200 பார் அழுத்தம். நம் டயரில் இருப்பது இரண்டு பாருக்குக் கொஞ்சம் மேலே, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 6 மி.மீ. இரும்புக் குழாயை வளைத்து ஃபெரூல் (குழாயைக் கவ்வும் சின்ன வளையம்) வைத்து இறுக்குவது பார்க்க எளிது, ஆனால் அது உரிமம் உள்ள ஃபிட்டர் செய்து, சோதித்து, சான்று கொடுக்க வேண்டிய வேலை. செய்தவர் எனக்கு நீண்ட நாள் பழக்கமுள்ள ஒரு மெக்கானிக் அண்ணன். இன்ஜின் பக்கத்து வேலையில் என்னையும் கை வைக்க விட்டார், அதற்கே பெரிய மனசு வேண்டும்.

சிலிண்டர் 60 லிட்டர் கொள்ளளவு, முழுக்க இரும்பு. வால்வு, தாங்கி, பெல்ட், உள்ளே கேஸ் எல்லாம் சேர்த்து டிக்கியில் 70 கிலோவுக்கு மேல் ஏறிவிட்டது. அதாவது நிரந்தரமாக ஒரு ஆள் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், இறங்கவே மாட்டார். இந்த ஆளைக் கணக்கில் சேர்க்காமல்தான் பலரும் "கேஸ் இழுக்கவில்லை" என்கிறார்கள். கிட் போட்ட மறுநாள், சிலிண்டரை நிரப்பிக்கொண்டு, பெட்ரோலிலேயே அதே சாலையில் ஓட்டினேன். 10.4 வினாடி. ஒரு சொட்டு கேஸ்கூட எரிக்காமலே 0.6 வினாடி போய்விட்டது, அது முழுக்க எடையின் பங்கு.

மேனிஃபோல்டில், அதாவது காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து விடும் கிளைக்குழாயில், துளை போடும் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சீக்வென்ஷியல் கிட்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி கேஸ் இன்ஜெக்டர். அதில் இருந்து வரும் ரப்பர் ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையிலும் திருகிய ஒரு சின்ன பித்தளை முனையில் முடிகிறது. அந்த முனை, பெட்ரோல் இன்ஜெக்டர் தூவும் இடத்துக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தள்ளிப் போனால் ஒரு சிலிண்டருக்கான கேஸைப் பக்கத்துச் சிலிண்டர் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், ஐடிலிங் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடுவது) ஆட்டம் போடும். 5 மி.மீ. துளை, அதில் எம்6 மரை. முனை கேஸ் ஓடும் திசையில், வால்வைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும்.

மேனிஃபோல்டைக் கழற்றாமலே துளை போடுகிறவர்கள் உண்டு. டிரில் பிட்டில் கிரீஸ் தடவினால் சீவல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். முக்கால்வாசி ஒட்டும். மிச்சக் கால்வாசி எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். "கழட்டிடலாம் தம்பி, ஒரு கேஸ்கட்தான் செலவு" என்றார் அண்ணன். கழற்றினோம். துளை போட்டு, மரை வெட்டி, கம்ப்ரசர் காற்றால் நாலு கிளையையும் ஊதி, துணியால் துடைத்து, சுத்தம் என்று நினைத்து டார்ச் அடித்துப் பார்த்தால், இரண்டாவது கிளையில் மரையின் உள் விளிம்பில் நகத்துண்டு அளவுக்கு ஒரு அலுமினியச் சுருள் தொங்கிக்கொண்டிருந்தது. ஊதிய காற்றுக்கு அசையவே இல்லை. காந்தம் வைத்து எடுத்துவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு, அலுமினியத்தைக் காந்தம் என்ன செய்யும்? இடுக்கியால் பிடித்து இழுத்தேன், வந்தது. கழற்றாமல் போட்டிருந்தால் அது ஸ்டார்ட் செய்த முதல் நிமிடமே வால்வு சீட்டுக்குப் போயிருக்கும்.

நாலு ஹோஸும் ஒரே நீளம், 15 செ.மீ. நாலு கேஸ் இன்ஜெக்டரும் வரிசையாக உட்காரும் ரயிலை வைக்கும் இடத்தை முதலில் தீர்மானித்துவிட்டு ஹோஸை வெட்டினால் இது நடக்கும். ஹோஸை வெட்டிவிட்டு ரயிலுக்கு இடம் தேடினால் ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று மடிந்து நிற்கும். மின் இணைப்பு வேலை சலிப்பானது, சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பெட்ரோல் இன்ஜெக்டருக்குப் போகும் வயரை இடைமறித்து, கேஸ் ஈசியூ (கிட்டோடு வரும் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்) வழியாக விடுகிறோம், அவ்வளவுதான். எல்லா இணைப்பையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடினேன். டேப் சுற்றிவிட்டுப் போனால் இன்ஜின் சூட்டில் ஆறு மாதத்தில் பசை உருகி அவிழும்.

கசிவுச் சோதனையில் சோப்புத் தண்ணீர் ஒரு இடத்தில் நுரைத்தது. குறைந்த அழுத்தப் பக்கத்தில், ஃபில்டர் கிளாம்ப். கால் சுற்று இறுக்கியதும் நின்றது. சிஎன்ஜியில் பெரும்பகுதி மீத்தேன்தான், மீத்தேனுக்கு இயல்பாக வாசனை கிடையாது, நமக்கு வரும் அந்த அழுகல் வாடை கண்டுபிடிப்பதற்காகவே சேர்க்கப்படுவது. மூக்கை நம்பி இருக்காமல் சோப்பு போட்டே பாருங்கள். டிக்கியில் சிலிண்டர் வால்வைச் சுற்றி ஒரு உறை போட்டு, அதில் இருந்து வண்டிக்கு வெளியே குழாய் போவதைத் தவறாமல் உறுதி செய்துகொள்ளுங்கள். மீத்தேன் காற்றைவிட இலகுவானது, வெளியே விட்டால் மேலே போய்க் கலைந்துவிடும். மூடிய டிக்கிக்குள் தேங்கினால்தான் வம்பு, காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் தீப்பிடிக்கும்.

முதல் ஓட்டம் பிரமாதம். ஸ்டார்ட் பெட்ரோலில், ரெடியூசர் (கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் பாகம்) 40 டிகிரி சூடேறியதும் தானாகவே கேஸுக்கு மாறியது, மாறியதே தெரியவில்லை. அண்ணனைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, "ஹைவேல போய்ட்டு வந்து சிரி" என்றார்.

ஹைவேயில் நாலாவது கிலோமீட்டரில் பெட்ரோல்-கேஸ் மாற்றும் சுவிட்ச் பீப் அடித்து வண்டி பெட்ரோலுக்குத் திரும்பிவிட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கேஸ். மறுபடி பீப். ஓரம் கட்டி லேப்டாப்பைச் செருகினால் ரெடியூசர் வெப்பநிலை 38, 25, 14 என்று கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருக்கிறது. பானட்டைத் திறந்தேன். இன்ஜின் பக்கத்தில் கை வைக்க முடியாத சூடு, அதற்கு ஒரு சாண் தள்ளி ரெடியூசர் மேல் வெள்ளையாகப் பனி! ஃப்ரீசர் சுவரில் படிந்திருக்குமே, அதே மாதிரி. விரலால் தேய்த்தால் கோடு விழுந்தது.

காரணம் இதுதான். 200 பாரில் இருந்து இரண்டு பாருக்கு கேஸை விடும்போது அது விரிந்து கடுமையாகக் குளிரும். அதை ஈடுகட்டத்தான் இன்ஜின் கூலன்டை ரெடியூசருக்குள் சுற்றவிடுகிறோம். ரெடியூசரை நாங்கள் வைத்த இடம், கூலன்ட் டப்பாவின் மட்டத்துக்கு மேலே. உள்ளே காற்று அடைத்துக்கொண்டு, கூலன்ட் சுற்றவே இல்லை. ஐடிலிங்கில் கேஸ் ஓட்டம் குறைவு என்பதால் சமாளித்தது, வேகம் எடுத்ததும் உறைந்துவிட்டது. பிராக்கெட்டை 9 செ.மீ. கீழே இறக்கி, வண்டி முழுக்க ஆறியபிறகு மூடியைத் திறந்து, உள் ஹீட்டரை முழு சூட்டில் வைத்து, ஐடிலிங்கில் ஓடவிட்டு ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினோம். கொப்புளம் கொப்புளமாக ஐந்து நிமிடம் வந்துகொண்டே இருந்தது. சூடாக இருக்கும்போது மட்டும் அந்த மூடியைத் திறந்துவிடாதீர்கள், முகத்துக்கு நேராகப் பீச்சும். அதன்பிறகு எவ்வளவு விரட்டினாலும் ரெடியூசர் 70 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை.

இப்போதுதான் கேஸில் முதல் அளவு. கிட் மென்பொருளில் உள்ள ஆட்டோ கேலிப்ரேஷனை மட்டும் ஓட்டிவிட்டு, பெரும்பாலான வண்டிகள் பட்டறையை விட்டு வெளியே வரும் அதே நிலையில், 13.1 வினாடி. பெட்ரோலில் 10.4, இதில் 13.1. மேடு ஏறும்போது கியர் குறைக்காமல் முடியாது. இந்த நிலையிலேயே ஓட்டிக்கொண்டு, கேஸ் என்றால் இப்படித்தான் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறவர்கள் எத்தனை பேரோ.

ஆட்டோ கேலிப்ரேஷன் பார்ப்பது ஐடிலிங்கை மட்டும். முழுச் சுமையில் என்ன ஆகிறது என்பது அதற்குத் தெரியாது. அதை நாமே பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது, கிட் போட்ட எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது. வண்டியின் சொந்த ஈசியூ, கேஸில் ஓடும்போதும் பெட்ரோலில் ஓடுவதாகவே நினைத்துக்கொண்டு பெட்ரோல் இன்ஜெக்டருக்குத் திறப்பு நேரம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். கேஸ் ஈசியூ அந்த நேரத்தை ஒரு எண்ணால் பெருக்கி கேஸ் இன்ஜெக்டரைத் திறக்கிறது. பெருக்கும் எண் சரியாக இருந்தால், பெட்ரோலில் இருந்து கேஸுக்கு மாறும்போது அந்தப் பெட்ரோல் நேரம் மாறவே கூடாது. கூடினால் கேஸ் போதவில்லை, ஆக்சிஜன் சென்சார் குறை சொல்ல, வண்டி ஈசியூ இன்னும் கொடு என்று கேட்கிறது. குறைந்தால் கேஸ் அதிகம்.

ஐடிலிங்கில் 2.8 மில்லி வினாடி, கேஸிலும் 2.8. அழகு. 3000 ஆர்பிஎம்மில் நல்ல சுமையில் 7.5 இருந்தது கேஸுக்கு மாற்றியதும் மெல்ல 8.9க்குப் போய்விட்டது. நீண்டகாலத் திருத்தம் என்று ஓபிடியில் காட்டும் எண், அதாவது வண்டி ஈசியூ தன் வழக்கமான கணக்குக்கு மேல் எவ்வளவு எரிபொருள் கூட்டிக் கேட்கிறது என்பது, +18 சதவீதத்தில் நின்றது. இரண்டாம் நாள் இன்ஜின் விளக்கும் எரிந்தது, பிழை எண் பி0171, கலவையில் எரிபொருள் குறைவு என்று அர்த்தம். அந்தச் சுமையில் பெருக்கும் எண்ணைக் கூட்டிப் பார்த்தேன். கொஞ்சம் சரியானது, ஆனால் மேலே 5500 ஆர்பிஎம்மில் வேறு சிக்கல் வந்தது. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் 5500 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுற்று, அதாவது இரண்டு திருப்பு, வெறும் 21.8 மில்லி வினாடி. கேஸ் இன்ஜெக்டர் திறந்திருக்க வேண்டிய நேரமோ 20ஐ நெருங்கிவிட்டது. மூடுவதற்கே நேரம் இல்லாமல் கிட்டத்தட்ட திறந்தபடியே கிடக்கிறது. இதை மென்பொருளால் சரிசெய்ய முடியாது, ஓட்டையே சின்னது.

கேஸ் இன்ஜெக்டர் முனைகள் 2.0 மி.மீ. துளையோடு வந்திருந்தன. கழற்றி, 2.2 மி.மீ. பிட்டைக் கை விரலாலேயே சுழற்றி நாலையும் பெரிதாக்கினேன். மோட்டார் வைத்துப் போட்டால் துளை கோணலாகும். பிட்டின் தண்டைப் பின்பக்கமாக உள்ளே விட்டு நாலும் ஒரே இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தேன், நாலில் ஒன்று தளர்ந்திருந்தால் அந்தச் சிலிண்டர் மட்டும் தனியாக அதிகம் சாப்பிடும். மறுபடி கேலிப்ரேஷன், மறுபடி சாலை, மடியில் லேப்டாப்போடு நான், ஸ்டியரிங்கில் அண்ணன். பெட்ரோலில் பத்து கிலோமீட்டர் ஓட்டி ஒரு வரைபடம், கேஸில் பத்து கிலோமீட்டர் ஓட்டி இன்னொன்று. இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழும்வரை வரிசை வரிசையாகத் திருத்தினோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. திருத்தம் +3 சதவீதத்துக்குள் வந்து நின்றது, விளக்கும் அணைந்தது. நேரம் 12.2 வினாடி.

அடுத்தது பிளக். இரண்டாவது கியரில் மேடு ஏறும்போது 4500க்கு மேலே ஒரு திக்கல், மிஸ்ஸிங். பெட்ரோலில் கிடையாது. கேஸ் கலவையில் தீப்பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும், சுமை கூடக்கூட இன்னும் அதிகமாக. பெட்ரோலில் தள்ளாடிக்கொண்டே ஓட்டியிருக்கும் பிளக்கும் காயிலும் கேஸில் உடனே மாட்டிக்கொள்ளும். புது பிளக், இடைவெளி 1.1 மி.மீ. இருந்ததை 0.8 ஆக்கினேன். திக்கல் போய்விட்டது. 40-80 நேரம் அதனால் பெரிதாக மாறவில்லை, 12.1. அந்தச் சோதனை 4000 ஆர்பிஎம்முக்கே போவதில்லை, அதனால் அதில் தெரியாததில் ஆச்சரியம் இல்லை.

மிச்சம் இருந்தது டைமிங். மீத்தேன் பெட்ரோலைவிட மெதுவாக எரியும். பெட்ரோலுக்கு என்று வைத்த நேரத்தில் பொறி வைத்தால், தீ முழுசாகப் பரவுவதற்குள் பிஸ்டன் பாதி தூரம் இறங்கிவிடுகிறது. தள்ள வேண்டிய அழுத்தம் தாமதமாக வந்து, சூடாக எக்ஸாஸ்ட் வழியாக வெளியே போகிறது. இழுவையும் போச்சு, எக்ஸாஸ்ட் வால்வுக்கும் கேடு. அதனால் பொறியை முன்கூட்டியே வைக்க வேண்டும். அதற்கென்று டைமிங் அட்வான்ஸ் பிராசசர் என்று ஒரு சின்னப் பெட்டி கிடைக்கிறது. கிராங்க் சென்சார் வயரில் நடுவே உட்கார்ந்து, சிக்னலைச் சில டிகிரி முன்னால் தள்ளிக் காட்டும். மீத்தேனின் ஆக்டேன் எண் (தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் அளவு) 120க்கு மேல், அதனால் இன்ஜின் நாக்கிங் அடிக்கும், அதாவது கலவை தானாக வெடித்துத் தட்டும், பயம் கேஸில் கிட்டத்தட்ட இல்லை.

ஐடிலிங்கில் 0, 2000 முதல் 4000 வரை 8 டிகிரி, அதற்கு மேல் 5. ஐடிலிங்கிலும் தள்ளிவைத்துப் பார்த்தேன், ஆர்பிஎம் ஏறி இறங்கி ஊஞ்சலாடியது, எடுத்துவிட்டேன். 12 டிகிரி வரை போய்ப் பார்த்தேன், 8க்கு மேல் கடிகாரத்தில் ஒன்றும் மாறவில்லை, மாறாததற்கு எதற்கு ஆசைப்பட வேண்டும். இதில் ஒரே ஒரு எச்சரிக்கை. பெட்ரோலுக்கு மாறியதும் இந்தப் பெட்டி தானாக அணைகிறதா என்று கட்டாயம் பாருங்கள். என்னுடையதில் முதல் இணைப்பில் அணையவில்லை. பெட்ரோலில் மேடு ஏறும்போது தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம் கேட்டது. உடனே காலை எடுத்தேன். பெட்டிக்கான மின்சாரம் கேஸ் சொலனாய்டின் (மின்சாரத்தில் திறக்கும் கேஸ் வால்வு) வயரில் இருந்தே வரும்படி மாற்றியதும் சரியாகிவிட்டது, கேஸ் வால்வு மூடினால் பெட்டியும் தூங்கிவிடும்.

11.5 வினாடி.

ஆக, அதே எடையில் பெட்ரோலில் 10.4, கேஸில் 11.5. இந்த 1.1 வினாடி போகாது, எவ்வளவு திருகினாலும் போகாது. ஏன் என்று ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டுவிடலாம். ஒரு பங்கு மீத்தேன் முழுசாக எரிய இரண்டு பங்கு ஆக்சிஜன், அதாவது சுமார் ஒன்பதரைப் பங்கு காற்று வேண்டும். சிலிண்டர் உள்ளே இழுக்கும் கலவையில் ஏறக்குறைய 9.5 சதவீத இடத்தை மீத்தேனே பிடித்துக்கொள்கிறது. பெட்ரோல் ஆவியாக மாறினாலும் அது பிடிக்கும் இடம் 2 சதவீதம் அளவுதான். உள்ளே இடம் குறைந்தால் காற்று குறையும், காற்று குறைந்தால் சக்தி குறையும். போதாக்குறைக்கு, பெட்ரோல் துளிகள் ஆவியாகும்போது கலவையைக் குளிரவைத்து இன்னும் கொஞ்சம் காற்றை உள்ளே இழுத்துக்கொடுக்கும். கேஸ் ஏற்கெனவே கேஸாக வருவதால் அந்த உபகாரமும் இல்லை. மொத்தத்தில் பத்துக்கு ஒன்பது. ஒரு கிலோ மீத்தேனில் சுமார் 50 மெகாஜூல், பெட்ரோலில் சுமார் 43, பிறகு எப்படி சக்தி குறையும் என்று வாதாடுபவர்கள் உண்டு. கிலோ கணக்கு வேறு, சிலிண்டருக்குள் இருக்கும் இடக் கணக்கு வேறு.

தொழிற்சாலையில் இருந்தே கேஸ் வண்டியாக வந்ததைப் பார்த்தாலும் இதே கதைதான். 2012 ஹோண்டா சிவிக்கில் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 140 குதிரைத்திறன், அதே அளவு இயற்கை எரிவாயு இன்ஜின் 110. கேஸுக்காகவே கம்ப்ரஷனைக் கூட்டியும் அவ்வளவு இடைவெளி. அது உச்ச ஆர்பிஎம்மில் எடுத்த எண், நான் அளந்தது நடு ஆர்பிஎம், அதனால் என் 10 சதவீதத்தை அதோடு நேராக ஒப்பிட முடியாது. நானும் 6000 வரை விரட்டினால் என் இடைவெளி விரிகிறது, அது உட்கார்ந்து ஓட்டினாலே தெரிகிறது. உயர் ஆக்டேனை உண்மையில் பயன்படுத்திக்கொள்ள வேண்டுமானால் கம்ப்ரஷனை 12, 13 என்று ஏற்ற வேண்டும், அல்லது டர்போ வைத்துக் காற்றைத் திணிக்க வேண்டும். நம் வண்டி பெட்ரோலிலும் ஓட வேண்டும் என்பதால் கம்ப்ரஷனில் கை வைக்க முடியாது. இரண்டு குதிரையில் கால் வைத்தால் இப்படித்தான்.

டீசல் வண்டியை மாற்றலாமா என்று யாராவது கேட்பார்கள். மீத்தேன் அழுத்தச் சூட்டில் மட்டும் லேசில் தீப்பிடிக்காது. ஒன்று தலையைக் கழற்றி ஸ்பார்க் பிளக் வைத்து கம்ப்ரஷனைக் குறைக்க வேண்டும், அல்லது கொஞ்சம் டீசலைத் திரிபோல் பற்றவைத்து அதோடு கேஸை எரிக்க வேண்டும். இரண்டும் வீட்டு முற்றத்து வேலை இல்லை.

மைலேஜ். பெட்ரோலில் லிட்டருக்கு 17 கி.மீ., கேஸில் கிலோவுக்கு 24. டியூனிங்குக்கு முன்னால் இதே கேஸில் 20தான் வந்தது, தாமதமாக எரிந்த கேஸ் எல்லாம் சைலன்சரைச் சூடேற்றிக்கொண்டிருந்திருக்கிறது. 60 லிட்டர் சிலிண்டரில் காகிதக் கணக்குப்படி 10 கிலோ வரை போக வேண்டும், எனக்கு எட்டரையைத் தாண்டியதே இல்லை. வேகமாக நிரப்பும்போது சிலிண்டர் உள்ளே சூடாகி, பம்பில் 200 பார் காட்டும், அரை மணி நேரம் கழித்து ஆறியதும் 175தான் இருக்கும். ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள், எடை போட்டுத்தான் கொடுக்கிறார்கள். விடியற்காலையில் குளிர்ந்த சிலிண்டரோடு போனால் அரை கிலோ கூடுதலாக ஏறுகிறது. ஒரு நிரப்புக்கு 200 கி.மீ. கொஞ்சம் கூட, அவ்வளவுதான். டிக்கி இல்லை, தூரம் இல்லை, இந்த இரண்டும் எனக்கு இழுவையைவிடப் பெரிய குறை. ஸ்டெப்னியை எடுக்க வேண்டுமென்றால் இப்போது யோகாசனம் செய்ய வேண்டியிருக்கிறது.

பெட்ரோல் டேங்க்கைக் காலியாக விடாதீர்கள். டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலில் மூழ்கியே குளிர்ச்சி பெறுகிறது. பல வண்டிகளில் கேஸில் ஓடும்போதும் அது சுற்றிக்கொண்டுதான் இருக்கும், வறண்டு ஓடினால் கருகும். வாரத்தில் ஒரு நாள் பத்து கிலோமீட்டர் பெட்ரோலிலும் ஓட்டிவிடுகிறேன், இன்ஜெக்டர் அடைக்காமல் இருக்க. ஆயில் தேன் நிறத்திலேயே இருக்கிறது, டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் மாற்ற மனசே வராது. ஆனாலும் பழைய இடைவெளியிலேயே மாற்றுகிறேன், நிறத்தை வைத்து ஆயிலின் ஆயுளைச் சொல்லிவிட முடியாது.

எனக்கு உண்மையில் பயம் இருந்தது வால்வு பக்கம். பெட்ரோல் துளி வால்வு சீட்டில் லேசாக ஒரு படலம் போட்டுக் குளிரவைக்கும், கேஸ் காய்ந்த எரிபொருள். சீட் தேய்ந்து வால்வு மேலே ஏறும், டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே விடும் மெல்லிய இடம்) குறையும். இடைவெளி கூடினால் டக் டக் என்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். குறைந்தால் இன்ஜின் இன்னும் அமைதியாகிவிடும், ஆஹா என்று நாம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போது வால்வு முழுசாக மூடாமல் எரிந்துபோகும்.

கிட் போடும் முன்பே எல்லாவற்றையும் அளந்து எழுதிவைத்திருந்தேன். 15,000 கி.மீ. ஓடியபிறகு, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் வால்வுகளை மூடியிருக்கும் ராக்கர் கவரைத் திறந்தேன். எக்ஸாஸ்ட் வால்வுக்கு இருக்க வேண்டியது 0.25 மி.மீ. முதல் மூன்று சிலிண்டரிலும் 0.23 ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசாக உரசிக்கொண்டு உள்ளே போனது, நல்லது. நாலாவதில் 0.20 போகவில்லை. 0.18 போகவில்லை. 0.16 இறுக்கமாகப் போனது.

நாலாவது மட்டும் ஏன் என்று அண்ணனிடம் கேட்டேன். "அந்த ஹோஸ் பாத்தியா?" என்றார். பார்த்தேன். நாலாவது சிலிண்டருக்குப் போகும் ஹோஸ், பிராக்கெட்டைக் கீழே இறக்கினோமே, அதற்குப்பிறகு ஒரு குழாயின் மேல் உட்கார்ந்து பாதி நசுங்கிக் கிடந்தது. அந்தச் சிலிண்டர் மட்டும் 15,000 கி.மீ. கேஸ் பற்றாமல், சூடாக ஓடியிருக்கிறது. நாலு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே ஆக்சிஜன் சென்சார் என்பதால் ஓபிடியில் காட்டும் சராசரியில் அது தெரியவே இல்லை, எல்லாம் +3 சதவீதம் என்று நான் மெச்சிக்கொண்டிருந்தேன்.

புது ஹோஸ் போட்டு, வளைவில் ஒரு ஸ்பிரிங் உறை மாட்டி, டேப்பட்டை 0.25க்குத் திருப்பி வைத்தாயிற்று. கம்ப்ரஷன் சோதனையில் நாலும் ஒரே அளவு காட்டுகிறது, வால்வு தப்பித்தது. அடுத்த அளவை 5,000 கி.மீ.யிலேயே எடுக்கப்போகிறேன். எட்டு வால்வின் எண்களையும் ஒரு டேப்பில் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன், நாலாவது எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரு வட்டம்.